மட்டங்களுக்கு இடையே

கொழும்பு மாநகரின் தென்பாகத்தில், காலி வீதியினின்று பிரிந்து புகையிரதப் பாதையையும் கடலையும் நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில், ஒரு காலத்தில் மாமரமும் கிணறும் முன்விறாந்தையும் உடைய ஓட்டு வீடுகள் நின்ற பத்துப் பன்னிரண்டு பேர்ச்சஸ் நிலத்துண்டுகளில், 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னரும், 1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து சிதறியதற்குப் பின்னரும், தொடர்மாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த வரலாற்றை அறியாத இலங்கைத் தமிழர் மிகச் சிலரே. அகலத்தில் விரிய இடமில்லாத குடும்பங்கள் உயரத்தில் குடியேறின. அவ்வாறு எழுந்த கட்டடங்களுள் சிலவற்றுக்குப் படம் வரைவது என் ஜீவனோபாயமாக இருந்தது. ஆகையால் அந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, அதாவது ஒரு மாடிக்கும் அதன் மேல்மாடிக்கும் இடையேயுள்ள உயரம் என்னும் பகுதியை, நான் சற்று நெருங்கி அறிந்திருக்கிறேன்.

அந்த உயரம் படத்தில் ஒரே ஓர் எண்ணாகவே எழுதப்படுகிறது. ஆயினும் அந்த ஓர் எண்ணில் வீட்டுக்காரரின் ஆசை, பொறியியலாளரின் உத்திரம், குழாய்க்காரரின் சரிவு, நகர அபிவிருத்தி அதிகார சபையின் வரையறை, சீமெந்தின் விலை ஆகிய யாவும் ஒருங்கே அமுங்கிக் கிடக்கின்றன. முதலாம் மாடிக் குளியலறையின் கழிவுக்குழாய் தரைத்தள வாகனத் தரிப்பிடத்தின் தலைக்கு மேலே சரிந்து செல்ல வேண்டியிருப்பதால் தரைத்தளம் உயரும். இரண்டு கார்கள் அருகருகே நிற்பதற்காகத் தூண்களை விலக்கி வைத்தால் உத்திரம் தடிக்கும், உத்திரம் தடித்தால் அதன் கீழே நடப்பவரின் தலைக்கு இடம் வேண்டி அத்தளம் மறுபடியும் உயரும். மொத்த உயரம் அனுமதித்த எல்லையைத் தாண்டலாகாது என்பதால் மேல்மாடிகள் ஒவ்வொன்றும் இரண்டங்குலம் மூன்றங்குலம் என விட்டுக்கொடுக்கும். முதல் வரைவுக்கும் அனுமதி கிடைக்கும் நாளுக்கும் இடையில் இந்த எண் மாறாதிருந்த கட்டடம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் அலுவலகத்தில் சாய்ந்த பலகைகளும், அவற்றின்மேல் இழுத்து ஒட்டிய ட்ரேசிங் தாளும், ரொட்ரிங் பேனாக்களுமே இருந்தன. தரைத்தளத்தை ஆறங்குலம் உயர்த்துமாறு பெரியவர் சொல்லிவிட்டால், குறுக்குவெட்டுப் படத்தில் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோட்டையும் சவர பிளேட்டினால் மென்மையாகச் சுரண்டி, சுரண்டிய இடத்தில் மை பரவாதபடி நகத்தினால் தேய்த்து மெருகேற்றி, மீண்டும் வரைய வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டுவது ஒரு கலை. அதனினும் கடினமான காரியம், மாறிய உயரத்தினால் வேறெவை மாறுகின்றன என்பதை மறவாமல் நினைவில் வைத்திருப்பது. மாடிப்படிகளின் எண்ணிக்கை, லிஃப்ட் வாசலின் மட்டம், மழைநீர்க் குழாயின் நீளம், பின்புறத்துக் காற்றோட்டத் திரையின் வரிசைகள், நான்கு பக்கத்து முகப்புப் படங்கள் ஆகிய யாவும் ஒரு படவரைஞனின் ஞாபகத்தையே நம்பியிருந்தன. மூத்த படவரைஞர் ஒருவர் உயரம் மாறும்போதெல்லாம் பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ஜாபிதா எழுதி, முடிந்த ஒவ்வொன்றையும் கோடிழுத்து வருவார்; அவர் எங்களுக்கு முறையாகக் கற்பித்த பாடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஜாபிதாவையே சொல்வேன்.

பின்னர் கணினி வந்தது. அமெரிக்காவில் 1982 டிசம்பரில் முதன்முதலாக வெளியான ஆட்டோகாட் எங்கள் ஒழுங்கை வரை வந்து சேர்ந்தபோது பிளேட்டுக்கும் மைக்கும் விடை கொடுத்தோம். வேகம் கூடியதும், சுத்தம் கூடியதும், ஒரே கோட்டை நூறு முறை பிரதி செய்யும் சௌகரியம் கிடைத்ததும் உண்மை. எனினும் திரையில் தெரிந்த கோட்டுக்குத் தான் ஒரு தூணின் விளிம்பு என்பதோ, தன் தலை அடுத்த மாடியின் அடியைத் தொட வேண்டும் என்பதோ தெரியாது. ஜாபிதா எழுதும் பழக்கத்தை நான் அப்போதும் விடவில்லை.

கோடுகளுக்குள் உறவை வைக்கலாம் என்னும் எண்ணம் கணினி வரைகலையின் பிறப்போடு பிறந்தது என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். 1963ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் இளைஞர் தமது ஆராய்ச்சிக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பாட் என்ற அமைப்பில், இந்தக் கோடும் அந்தக் கோடும் சமாந்தரமாகவே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தால், ஒன்றை அசைக்கும்போது மற்றதும் அதற்கிணங்க அசைந்தது. இயந்திர உறுப்புகளை வடிவமைப்போர் 1980களின் இறுதியில் அந்த எண்ணத்தைத் தங்கள் அன்றாடத் தொழிலில் பயன்படுத்தத் தொடங்கினர். அத்துறையிலிருந்து வெளியேறிய லியோனிட் ரைஸ், இர்வின் யங்ரைஸ் என்னும் இருவர் அதே யுக்தியைக் கட்டடங்களுக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு 1997இல் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர்; அவர்கள் உருவாக்கிய ரெவிட் 2000ஆம் ஆண்டில் வெளியாகி, 2002இல் ஆட்டோகாட்டின் உரிமையாளரான ஆட்டோடெஸ்கின் கைக்கு மாறியது. ஹங்கேரி நாட்டு ஆர்க்கிகாட் அதற்கும் பல ஆண்டுகள் மூத்தது என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு வாய்த்தது ரெவிட். அதனிடம் என்னைக் கவர்ந்த அம்சம், பலரும் வியந்து பேசும் முப்பரிமாணக் காட்சி அன்று. அதில் மட்டம் என்பது படத்தில் இழுத்த ஒரு கோடாக இல்லாமல் கட்டடத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. முதலாம் மாடி, இரண்டாம் மாடி என்று பெயரிட்ட அந்த மட்டங்களைப் பற்றிக்கொண்டே சுவர்கள் எழும். ஒரு சுவருக்கு அடி மட்டம் இது, தலை மட்டம் அது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மட்டத்தை உயர்த்தும்போது சுவரும் தானாக உயரும். நகத்தினால் தாளை மெருகேற்றிய காலத்தை நினைத்துக்கொண்டு, ஒரு மட்டத்தைப் பிடித்து இழுத்து, சுவர்களும் தூண்களும் அதனுடன் எழுவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் என்னால் முழுமையாக விவரிக்க இயலாது.

ஆனால் அந்த ஞானம் மென்பொருளோடு கூடவே வரும் சுவர், தூண், படிக்கட்டு முதலியவற்றுக்கே இயல்பாக உண்டு. நமது தேவைக்கேற்ப நாமே செய்துகொள்ளும் உறுப்புக்கு, ரெவிட் பழகியோர் ஃபமிலி என்று வழங்கும் அந்தப் பிரத்தியேக உறுப்புக்கு, அத்தகைய அறிவு தானாக வாய்ப்பதில்லை. பொதுவான டெம்ப்ளேட்டில் தொடங்கிச் செய்த உறுப்பு தான் நிற்கும் தளத்தை அறியும். தலைக்கு மேல் இருப்பதை அறியாது. அதன் உயரத்தை நாமே ஓர் எண்ணாக எழுத வேண்டும். மாடி உயர்ந்தால் அந்த எண்ணையும் நாமே தேடித் திருத்த வேண்டும். அதாவது பழைய ஜாபிதா வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடும்.

இதற்குப் பரிகாரம், இரண்டு மட்டங்களைக் கொண்ட டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவது. தூணுக்கு உரிய டெம்ப்ளேட்டும் அவ்வகையே. பொதுவான உறுப்புகளுக்கும் அவ்வாறான ஒன்று தனியே உண்டு. அதைத் திறந்தால் கீழே ஒரு மட்டமும் மேலே ஒரு மட்டமும் முன்கூட்டியே நிற்கும். நாம் வரையும் வடிவத்தின் அடியைக் கீழ்மட்டத்தோடும் தலையை மேல்மட்டத்தோடும் பொருத்திப் பூட்டிவிட வேண்டும். அவ்வுறுப்பைக் கட்டடத்தினுள் கொண்டுபோய் வைக்கும்போது, அடி எந்த மாடி, தலை எந்த மாடி, ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு விலகல் என்ற கேள்விகளை அது தானே கேட்கும். நுணுக்கம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. மேல்மட்டம் என்பது மேல்மாடியில் காலூன்றி நடக்கும் தரை. நமது உறுப்போ அந்தத் தரைக்குக் கீழே உள்ள சிலாப்பையும் உத்திரத்தையும் கழித்து, உத்திரத்தின் அடிவயிற்றில் நிற்க வேண்டும். தூணாயின் அதன் தலையை உத்திரத்தோடு இணைத்துவிடும் வசதி உண்டு. மற்ற உறுப்புகளுக்கு உத்திரத்தின் ஆழத்தை ஓர் அளவுருவாகக் கொடுத்து, மேல்மட்டத்திலிருந்து அவ்வளவு கீழே ஓர் ஆதாரக் கோட்டை அமைத்து, வடிவத்தை அக்கோட்டோடு பூட்டுவதே வழி. அந்த அளவுருவும் அந்தந்த இடத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். இனம் முழுமைக்கும் பொதுவாக வைத்தால், ஓர் இடத்தில் உத்திரம் தடித்ததற்காகக் கட்டடம் முழுவதிலும் உள்ள உறுப்புகள் குனிந்துவிடும்.

இந்த வித்தையின் முழு ஆழத்தையும் எனக்கு உணர்த்தியது வெள்ளவத்தையில் கடற்பக்கமாக எழுந்த ஒரு தொடர்மாடியின் பின்புறத்துத் திரை. சமையலறைகளுக்குப் பின்னால், துணி உலர்த்தவும் எரிவாயு உருளை வைக்கவும் விட்டிருந்த சிறு பல்கனிகளை மறைத்து, தரைத்தளத்திலிருந்து உச்சி வரை ஒரே நேர்கோட்டில் ஏறும் காற்றோட்டத் திரை அது. இரும்புக் கிறில் போட்டால் உப்புக் காற்றில் சில ஆண்டுகளிலேயே துருவேறி உதிர்ந்துவிடும் என்பது அந்தக் கரையில் வசிப்போர் யாவரும் அறிந்த செய்தி. ஆகவே சீமெந்தினால் வார்த்த துளைக்கற்களை அடுக்குவதென்று முடிவாயிற்று. கல் ஒன்று 200 மில்லிமீற்றர் உயரம்; இடையில் சாந்து 10 மில்லிமீற்றர். தரைத்தளம் 3600, முதலாம் மாடி 3150, அதற்கு மேல் ஒவ்வொன்றும் 3000. உத்திரம் எங்கும் 450. ஆக, திரைக்குக் கிடைத்த திறப்பு தரைத்தளத்தில் 3150, முதலாம் மாடியில் 2700, மேல்மாடிகளில் 2550.

இங்கே உறுப்பை வெறுமனே இழுத்து நீட்டுவதனால் பயனில்லை. நீட்டினால் சதுரக் கல் நீள்சதுரமாகும். அத்தகைய கல்லை எந்த அச்சிலும் யாரும் வார்ப்பதில்லை. உயரம் மாறும்போது கல்லின் அளவு மாறாமல் வரிகளின் எண்ணிக்கை மாற வேண்டும். அதற்கு, இரண்டு மட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை உறுப்பே அளந்து சொல்ல வேண்டும். தான் எதையும் நிர்ணயிக்காமல், கட்டடம் நிர்ணயித்த தூரத்தை அறிவிப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவகை அளவுரு ரெவிட்டில் உண்டு. அந்த அளவுருவை மட்டங்களுக்கு இடையே வைத்து, அது அறிவிக்கும் எண்ணிலிருந்து உத்திரத்தையும், கற்களைவிடச் சாந்து இடை ஒன்று கூடுதலாக வருவதால் ஓர் இடைக்குரிய 10ஐயும் கழித்து, மீதியைக் கல்லும் சாந்தும் சேர்ந்த 210ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு முழு எண்ணை எடுத்தால் வரிகளின் தொகை கிடைக்கும். அந்தத் தொகையே கற்களின் அடுக்கை ஆளும். மீதியாக நிற்கும் உயரம் அடியில் ஒரு கொங்கிறீட் கட்டையாக உருவெடுக்கும். வளரும் பிள்ளையின் சட்டைக்குத் தையற்காரர் ஓரத்தில் மடித்து விடும் துணியைப் போன்றது அது. இந்தக் கணக்கின்படி மேல்மாடிகளில் 12 வரியும் 20 மில்லிமீற்றர் மீதியும், முதலாம் மாடியில் 12 வரியும் 170 மீதியும், தரைத்தளத்தில் 14 வரியும் 200 மீதியும் வந்தன.

படம் தளத்துக்குப் போன பின்னர், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்த வயது முதிர்ந்த மேசன் ஒருவர் அதை விரித்து வைத்துக்கொண்டு என்னை அழைத்தார். தரைத்தளத்தின் திறப்பைத் தம் முழக்கோலால் இருமுறை அளந்துவிட்டு, "பதினாலு வரின்னு போட்டிருக்கீங்க தம்பி. பதினஞ்சு வரும். சாந்தைக் கொஞ்சம் ஒல்லியா வச்சா போதும், கீழ கட்டையே வேண்டாம்," என்றார். நான் அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்கிட்டேன். 15 கல் 3000. மீதி 150ஐ 16 இடைகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பதேகால் மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அவர் சொன்னது முற்றிலும் சரி. மேல்மாடியைப் பற்றியும் கேட்டேன். "அதுல எதுக்கு மீதி வைக்கிறீங்க? சாந்தை ஒரு நூல் கூட்டிக்கிட்டா சரியா வந்து உட்காரும்," என்றார். 12 கல் 2400. மீதி 150ஐ 13ஆல் வகுத்தால் பதினொன்றரை. அதுவும் சரியே. முதலாம் மாடிக்கு மட்டும் அவருடைய யுக்தியும் இடங்கொடுக்கவில்லை: 13 கல்லுக்குச் சாந்து போதாது, 12 கல்லுக்குச் சாந்து மிகுந்துவிடும். "அங்க கட்டை போட்டுத்தான் ஆகணும்," என்று சொல்லி அவர் வெற்றிலையை மெல்லத் தொடங்கினார்.

மேசன் ஒருவரின் கைக்குத் தெரிந்ததை அன்று மாலை அளவுருக்களின் பாஷையில் எழுதினேன். கல் 200 என்பது அசையாதது. சாந்து 8க்குக் குறையலாகாது, 12க்குக் கூடலாகாது. அந்த எல்லைக்குள் அது இளகிக் கொடுக்கலாம். திறப்பிலிருந்து 8ஐக் கழித்து 208ஆல் வகுத்த முழு எண் வரிகளின் தொகை. அத்தொகைக்கு வேண்டிய சாந்தைக் கணக்கிட்டு, அது 12ஐத் தாண்டினால் மட்டும் 12இல் நிறுத்தி, எஞ்சியதை அடியில் கட்டையாக்க வேண்டும். இவ்விதி தரைத்தளத்தில் 15 வரியும், மேல்மாடிகளில் கட்டையில்லாத 12 வரியும், முதலாம் மாடியில் 12 வரியோடு 144 மில்லிமீற்றர்க் கட்டையும் தந்தது. பின்னர் பொறியியலாளர் ஒரு பகுதியில் உத்திரத்தை 600 ஆக்கியபோது அங்கு மாத்திரம் ஓர் எண்ணை மாற்றினேன். கற்கள் தாமே கலந்து பேசி முடிவு செய்தாற்போல வரிசை மாறி அமர்ந்தன. அந்தத் திரையை இன்றும் கடற்கரை வீதியில் நடந்து போகும்போது நான் நின்று பார்ப்பதுண்டு. ஒவ்வொரு உறுப்புக்கும் தான் விட்டுக்கொடுக்கக்கூடியது ஒன்றும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்றும் உண்டு; அதைக் கண்டுபிடிக்கும் முன்னர் கணினியில் கைவைப்பது வீண் பிரயத்தனம் என்பது அந்தத் திரை எனக்குத் தந்த அபிப்பிராயம்.

இதே விசாரத்தை வேறொரு கோணத்திலிருந்து காணும் பாக்கியம் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. ஜம்பட்டா வீதிக்கு அண்மையில், தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் பலகை மேல்மாடியும் கள்ளிக்கோட்டை ஓடும் கொண்ட இரண்டு பழைய வீடுகளை ஒன்றாக இணைத்துப் புதுப்பிக்கும் வேலை அது. அந்த நாட்களில் மதியவேளைகளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போய் அமர்ந்திருப்பேன். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவிய அந்தச் சிவாலயத்தை அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான ஆண்டுகளில் கருங்கல்லால் மீண்டும் கட்டுவித்தார். கொழும்பின் வெயில் வெளியே எரிந்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். தூண்களின் நிழலில் உட்கார்ந்து அவற்றின் அடியையும் உடலையும் போதிகையையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நமது சிற்ப நூல்கள் ஒருதள விமானத்துக்குக் கூறும் பிரமாணங்களுள் ஒன்று, மொத்த உயரத்தை எட்டுப் பங்காக்கி, அதிஷ்டானத்துக்கு ஒன்று, காலுக்கு இரண்டு, பிரஸ்தரத்துக்கு ஒன்று, கிரீவத்துக்கு ஒன்று, சிகரத்துக்கு இரண்டு, ஸ்தூபிக்கு ஒன்று எனப் பகிர்வது. மொத்த உயரம் ஒன்றை நிர்ணயித்தால் மற்ற யாவும் அதிலிருந்தே பிறக்கும்; விமானம் உயர்ந்தால் காலும் உயரும், கால் உயர்ந்தால் அதன் பருமனும் கூடும். ஸ்தபதியின் தூண் இவ்வாறு ஒவ்வோர் அங்கமும் சமவிகிதத்தில் வளரும் தூண். கொட்டாஞ்சேனை வீட்டின் மேல்விறாந்தையில் நின்ற மரத்தூண்களோ அவ்வாறு வளர்ந்தவை அல்ல. கடைசல் பிடித்த அவற்றின் அடிப்பகுதியும் தலைப்பகுதியும் எல்லாத் தூண்களிலும் ஒரே அளவாக இருக்க, நடுவிலுள்ள உடல் மட்டும் இடத்துக்கேற்ப நீண்டும் குறுகியும் இருந்தது; தச்சன் ஒரே அச்சுமாதிரியை வைத்துக்கொண்டு கடைந்திருக்கிறான். முன்னதைக் கணினியில் செய்ய வேண்டுமாயின் ஒவ்வோர் அங்கத்தையும் மட்டங்களின் இடைவெளியில் ஒரு பங்காக எழுத வேண்டும். பின்னதற்கு அடியைக் கீழ்மட்டத்திலிருந்தும் தலையை மேல்மட்டத்திலிருந்தும் மாறாத தூரத்தில் பூட்டி, இடையிலுள்ளதைச் சுதந்திரமாக விட வேண்டும். இரண்டையும் பேதமறியாமல் ஒரே முறையில் செய்யும் இளைஞர்களின் படங்களில், குறுகிய மாடியில் நசுங்கிய போதிகைகளையும் உயர்ந்த மாடியில் வீங்கிய பீடங்களையும் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது.

அந்த இரு வீடுகளின் மட்டங்களை நாங்கள் பழைய வழக்கப்படி நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டே முதலில் பிடித்தோம். முன்வீட்டின் மேல்மாடி தரையிலிருந்து 14 அடி. பின்வீட்டில் 12 அடி 3 அங்குலம். வித்தியாசம் 21 அங்குலம். மில்லிமீற்றரில் 4267 என்றும் 3734 என்றும் எழுதிப் பார்த்தபோது பொருளற்றுக் கிடந்த அவ்விரு எண்களும் அங்குலத்தில் எழுதியவுடன் வாய் திறந்தன. முன்வீட்டின் மரப்படிக்கட்டில் படி ஒன்றின் உயரம் 7 அங்குலம். 24 படி ஏறினால் 14 அடி. பின்வீட்டுக்கு 21 படி. இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மூன்று படி. பெயர் தெரியாத அந்தப் பழைய கொத்தனும் தச்சனும் படியின் உயரத்தைத் தங்கள் மூல அளவாகக் கொண்டு, மாடிகளை அதன் மடங்குகளாக நிறுத்தியிருந்தார்கள். மாடிக்கேற்பப் படியை மாற்றும் நமது முறைக்கு அது நேர்மாறானது. அதைக் கண்டபோது அவர்கள்மேல் எனக்கு அளவிலா மதிப்பு உண்டாயிற்று.

படிக்கட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மற்ற உறுப்புகளில் உயரம் பிசகினால் கண்ணுக்கு மட்டும் உறுத்தும். படியில் பிசகினால் ஆள் விழுவார். ஏறுபவரின் கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தைப் பாடம் செய்துகொள்கிறது. பின்னர் ஒரு படி மாறினாலும் தடுமாறும். இருமடங்கு உயரமும் ஒரு மடங்கு மிதியும் சேர்ந்து ஒரு மனிதனின் நடைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா ப்ளோண்டெல் எழுதிவைத்த விதி இன்றும் எங்கள் தொழிலில் வழங்குகிறது. மாடி 3000 ஆனால் 18 படி, ஒன்று 166 சொச்சம்; 3150 ஆனால் அதே 18 படி, ஒன்று 175; 3600 ஆனால் 21 படி, ஒன்று 171 சொச்சம். உயரம் கூடினால் முதலில் எல்லாப் படிகளும் சமமாகச் சற்று உயர வேண்டும். எல்லையைத் தொட்டதும் ஒரு படி கூட வேண்டும். ஒரு படி கூடினால் மிதி ஒன்று கூடி, படிக்கட்டு தரையில் இன்னும் நீளும். அந்த நீளம் எதிர்ச்சுவரின் கதவை மறிக்கலாம். ஆகையால் படிக்கட்டை முற்றிலும் தானியங்கியாக விட எனக்கு ஒருபோதும் மனம் ஒப்பியதில்லை. கைப்பிடியின் உயரமோ மாடி எவ்வளவு மாறினாலும் படியின் நுனியிலிருந்து மாறாமலே இருக்க வேண்டும். அது மேல்மட்டத்தை நோக்கவே கூடாது.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பெண்ணொருத்தி, கொட்டாஞ்சேனை வீட்டின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, எல்லாத்தையும் மட்டங்களோட பூட்டிவிட்டா வேலை முடிஞ்சுதுதானே? ஏன் பாதியைப் பூட்டாமல் விட்டிருக்கிறியள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளை அருகில் அமர்த்தி, "பிள்ளை, புது வீட்டில மட்டம் எங்கட கையில இருக்கு. பழைய வீட்டில அது வீட்டின்ர கையில இருக்கு," என்று சொல்லி, மட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பழைய பலகைத் தரைகளின் மட்டங்களை யாரும் தவறியும் இழுத்துவிடாதபடி ஊசி குத்தி நிறுத்தியிருந்தேன். மேல்விறாந்தையின் ஆறு மரத்தூண்களும் எந்த மட்டத்தோடும் பூட்டப்படாமல், ஒவ்வொன்றும் அளந்தெடுத்த தத்தம் உயரத்தோடு நின்றன. பலகை நடுவில் தாழ்ந்திருந்ததால் அந்த ஆறு உயரங்களும் ஆறு விதம். இரு வீடுகளும் சந்திக்கும் இடத்தில் புதிதாகக் கட்டவிருந்த தூணும், புதிய படிக்கட்டும், பின்முற்றத்துத் துளைக்கல் திரையும் மட்டுமே புதிய மட்டங்களைப் பற்றியிருந்தன.

சில வாரங்களில் வீட்டுக்காரர் பின்பக்கத்துப் புதிய கூரையை ஒன்பது அங்குலம் உயர்த்தும்படி கேட்டார். அந்தப் பெண்ணே அதற்குரிய மட்டத்தை உயர்த்தினாள். புதிய தூண் நீண்டது. வெள்ளவத்தை மேசனின் விதியைச் சுமந்த திரையில் ஒரு வரி கூடி, சாந்து தன் எல்லைக்குள்ளேயே நின்றது. கூரைக்கு மட்டும் உயரம் கூடியதால் படிக்கட்டு தன் மட்டங்களை விட்டு அசையவில்லை. விறாந்தைத் தூண்கள் ஆறும் தத்தம் உயரத்திலேயே இருந்தன. அவள் குறுக்குவெட்டுப் படத்தை அச்சிட்டு, மேசையில் விரித்து, மாறியிருக்க வேண்டியவற்றையும் மாறாதிருக்க வேண்டியவற்றையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கோடிழுக்கத் தொடங்கினாள்.